மண்டை ஓட்டைப் பேச வைப்போம்: ஹாலோவீன் செர்வோ பொம்மை, முதல் முறை செய்பவர்களுக்கு

அக்டோபர் பிறந்தாலே, மாதக் கடைசியில் வரும் பேய் வேடத் திருநாளான ஹாலோவீனுக்காக அமெரிக்கக் கடைகளில் ஆடுகிற எலும்புக்கூடுகள் குவிந்துவிடும். பட்டனை அழுத்தினால் ஒரே சிரிப்பு, ஒரே ஆட்டம். இரண்டாம் முறை எந்தக் குழந்தையும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நாம் எழுதிய வசனத்தை நம் குரலிலேயே பேசும் மண்டை ஓடு வேண்டுமானால், வீட்டுக் கம்ப்யூட்டரும், தாடைக்கு ஒன்று கழுத்துக்கு ஒன்று என இரண்டு செர்வோ மோட்டாரும் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்) இருந்தால் செய்துவிடலாம். புரோகிராமிங் தேவையில்லை.

என்னென்ன வாங்குவது?

தாடை தனியாக அசைகிற பிளாஸ்டிக் மண்டை ஓடு ஒன்று. இதில் ஊறியவர்கள் பெரும்பாலும் 'பக்கி' எனப்படும் உடற்கூறு மாதிரி மண்டை ஓட்டைத்தான் எடுப்பார்கள். தாடையின் இரு பக்கமும் உள்ள ஸ்பிரிங்கை முதலில் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் செர்வோவின் பலமெல்லாம் அதை இழுப்பதிலேயே போய்விடும்.

செர்வோவில், 9 கிராம் எடையுள்ள எஸ்ஜி90 மலிவானது. ஆனால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம், தாடை வேலைக்குத் தாங்காது. உலோகப் பல்சக்கரம் உள்ள எம்ஜி996ஆர் மாதிரி ஒன்றை எடுங்கள். கொஞ்சம் இரையும், ஸ்பீக்கர் சத்தத்தில் அது யாருக்கும் கேட்காது.

கம்ப்யூட்டருக்கும் செர்வோவுக்கும் நடுவே ஒரு போர்டு வேண்டும். 6 சேனல் (ஒரு சேனலுக்கு ஒரு செர்வோ) உள்ள, பொலொலு கம்பெனியின் மைக்ரோ மேஸ்ட்ரோ முதல் பொம்மைக்குத் தாராளம். இதற்கான கண்ட்ரோல் சென்டர் மென்பொருள் இலவசம்; விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும்.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. போர்டுக்குத்தான் யுஎஸ்பி, செர்வோக்களுக்குத் தனி அடாப்டர் வேண்டும். எம்ஜி996ஆர் முட்டிக்கொண்டு நின்றால் 2.5 ஆம்ப் வரை இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்து 5 வோல்ட், 5 ஆம்ப் அடாப்டர் வாங்குங்கள். தலை காரணமில்லாமல் வெடவெடவென்று நடுங்கினால் மென்பொருளைச் சந்தேகப்படும் முன் அடாப்டரைப் பாருங்கள்.

ஒயரைச் செருகிவிட்டு, முதலில் நடுவுக்குக் கொண்டுவாருங்கள்

செர்வோவில் மூன்று ஒயர் இருக்கும். பழுப்பு அல்லது கறுப்பு கிரவுண்ட், சிவப்பு பாசிட்டிவ், ஆரஞ்சு அல்லது மஞ்சள் சிக்னல். சிக்னல் ஒயரில் நொடிக்கு 50 முறை ஒரு துடிப்பு போகிறது. அது 1500 மைக்ரோநொடி நீண்டால் செர்வோ நடுவில் நிற்கும். 1000 பக்கம் குறைந்தால் ஒரு புறம், 2000 பக்கம் கூடினால் மறுபுறம் திரும்பும். கோட்பாடு இவ்வளவுதான்.

தாடை சேனல் 0, கழுத்து சேனல் 1 என்று செருகுங்கள். கண்ட்ரோல் சென்டரில் ஸ்டேட்டஸ் பக்கம் போய், சேனலை டிக் செய்து 1500-க்குக் கொண்டுவாருங்கள். செர்வோ நடுவில் நின்ற பிறகுதான் அதன் தண்டில் பிளாஸ்டிக் கையை (செர்வோவோடு வரும் சின்ன நெம்புகோல்) மாட்ட வேண்டும். கையை முதலில் மாட்டிவிட்டால், தாடை ஒரு பக்கம் போதாமலும் மறுபக்கம் முட்டியும் நிற்கும். திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.

பொருத்துவது

தாடை செர்வோவை மண்டைக்குள் ஸ்குரூ போட்டு இறுக்குங்கள். ஹாட் குளூ இந்த ஆட்டத்துக்கு நிற்காது. செர்வோ கையிலிருந்து தாடையின் பின்பகுதிக்கு ஒரு விறைப்பான கம்பி. சைக்கிள் ஸ்போக்கை வெட்டி வளைத்தாலே போதும். கழுத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: மண்டையின் எடை நேராக செர்வோ தண்டில் உட்காரக்கூடாது. எடையை பேரிங் தாங்கட்டும், செர்வோ திருப்ப மட்டும் செய்யட்டும்.

எல்லை வையுங்கள்

இதை அவசரமாகக் கடந்து போகாதீர்கள். ஸ்லைடரை மெல்ல நகர்த்திக்கொண்டே பற்களைக் கவனியுங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் லேசாகத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். 'உம்ம்' என்று முனகல் கேட்டால் செர்வோ முட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், சற்றுப் பின்வாங்குங்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, முழுதாகத் திறந்த இடத்துக்கும் அதே மாதிரி செய்யுங்கள். பிறகு சேனல் செட்டிங்ஸில் இரண்டையும் மின் (குறைந்தபட்சம்), மேக்ஸ் (அதிகபட்சம்) கட்டங்களில் போட்டு அப்ளை அழுத்துங்கள். இனி எந்த மென்பொருள் தப்பான எண்ணை அனுப்பினாலும் போர்டு அந்த எல்லையைத் தாண்ட விடாது.

அதே பக்கத்தில் வேகம், முடுக்கம் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. தாடைக்கு இரண்டையும் 0 ஆகவே விடுங்கள். 0 என்றால் கட்டுப்பாடே இல்லை, முழு வேகம். கழுத்துக்குச் சின்ன எண்களாகப் போட்டுப் பாருங்கள். தலை விருட்டென்று திரும்பாமல் மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கும். மெஷின் போலத் தெரிவதற்கும் உயிர் உள்ளது போலத் தெரிவதற்கும் பாதி வித்தியாசம் இங்கேதான்.

வசனத்தோடு சேர்ப்பது

குரலை ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்து வேவ் ஃபைலாக எடுங்கள். அசைவுகளை ஒலியோடு கோக்க, ஹாலோவீன்காரர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்துவது விஷுவல் ஷோ ஆட்டோமேஷன், சுருக்கமாக விஎஸ்ஏ என்ற மென்பொருள். விண்டோஸில் ஓடும், காசு கொடுத்து வாங்க வேண்டும். மேஸ்ட்ரோவின் சீரியல் செட்டிங்ஸில் யுஎஸ்பி டூயல் போர்ட் என்று வைத்து, விஎஸ்ஏவில், போர்டுக்குக் கட்டளை அனுப்பும் மினி எஸ்எஸ்சி முறையையும் மேஸ்ட்ரோவின் கமாண்ட் போர்ட் எண்ணையும் கொடுங்கள். இந்த முறையில் மைக்ரோநொடிக்குப் பதிலாக நிலைகள் 0 முதல் 254 வரை, நடு 127.

இப்போது திரையில் ஒலி அலை தெரியும், கீழே தாடைக்கும் கழுத்துக்கும் ஒவ்வொரு வரிசை. புதிதாகச் செய்பவர்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் வாயைத் திறந்து மூடப் பார்ப்பார்கள். வேண்டவே வேண்டாம். வாய் எப்போது திறக்கிறது என்பதைவிட எப்போது மூடுகிறது என்பதைத்தான் கண் பிடிக்கும். 'யாரப்பா அது? பம்மிப் பம்மி வராதே' என்ற வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'யா'வுக்கு நன்றாகத் திற, 'ப்'பில் மூடு, 'பா'வுக்குத் திற. 'அது'வுக்குக் கால்வாசி போதும். 'பம்மி'யில் 'ம்'மிடத்தில் மூடி ஒரு கணம் அப்படியே நிறுத்து. 'வராதே'யில் 'ரா'வுக்கு மட்டும் பெரிதாகத் திறந்தால் மற்றதைக் காது நிரப்பிக்கொள்ளும். ப, ம இரண்டிலும் உதடு மூடாமல் யாராலும் பேச முடியாது. மண்டை ஓட்டுக்கு உதடு இல்லாததால் பல்தான் மூட வேண்டும்.

செர்வோ 60 டிகிரி திரும்பவே ஏறக்குறைய 0.17 நொடி பிடிக்கும். அதனால் ஒவ்வொரு தாடை அசைவையும் ஒலிக்கு ஒரு துளி முன்னால் தள்ளி வையுங்கள். கழுத்து அதற்கும் முன்னால்: தலை திரும்பி ஆளைப் பார்க்கட்டும், அரை நொடி சும்மா இருக்கட்டும், அப்புறம் பேசட்டும். அந்த அரை நொடியில்தான் பிள்ளைகள் அலறுவார்கள்.

வாசலில் வைக்கும்போது

கம்ப்யூட்டர் வீட்டுக்குள், மண்டை ஓடு வாசலில் என்றால் சாதாரண யுஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. சிக்னலை வழியில் வலுப்படுத்தும் ரிப்பீட்டர் வைத்த கேபிள் வாங்குங்கள். போர்டையும் அடாப்டரையும் மூடியுள்ள டப்பாவுக்குள் வைத்து, கேபிள் நுழையும் ஓட்டையைக் கீழ்ப்பக்கம் போடுங்கள். அக்டோபர் கடைசியில் மழை வராது என்று யாரும் சொல்ல முடியாது. கடைசியாக, கம்ப்யூட்டரின் பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கூட்டம் சேரும் நேரம் பார்த்து மெஷின் தூங்கப் போய்விடும்.