ரோசா பார்க்ஸைப் பற்றிச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேச்சுப் போட்டி முதல் மகளிர் தினக் கட்டுரை வரை ஒரே கதைதான் ஓடுகிறது: நாளெல்லாம் உழைத்துக் களைத்த வயதான கறுப்பினத் தையல்காரம்மா ஒருவர், வெள்ளையருக்கு இடம் விடச் சொன்னபோது, கால்வலியால் பேருந்து இருக்கையை விட்டு எழவில்லை, அதிலிருந்து ஒரு போராட்டமே பிறந்தது.

1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள மாண்ட்கோமரி நகரில் கைதானபோது ரோசா பார்க்ஸுக்கு வயது 42. கால்வலியும் இல்லை. பணிந்து போய்ப் போய்த்தான் அலுத்துவிட்டது என்று தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறுத்துவது, அது அவருடைய உழைப்பை விழுங்கிவிடுவதுதான். 1943லேயே கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் சேர்ந்து, மாண்ட்கோமரி கிளையின் செயலாளர் ஆனவர் அவர். 1944இல் ரீசி டெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் கும்பல் ஒன்று வன்புணர்வு செய்தது. அது நடந்த அபிவில் ஊருக்கே போய் விவரம் திரட்டி, நீதி கேட்டு ஆள் சேர்த்தார் பார்க்ஸ். கைதான அதே 1955இன் கோடையில் டென்னசி மாநிலத்தில், உரிமைப் போராட்டக்காரர்களுக்குப் பயிற்சி தந்த ஹைலாண்டர் பள்ளியில் பயிற்சியும் எடுத்திருந்தார். இத்தனையையும் விட்டுவிட்டு 'தற்செயல்' என்று எழுதினால் அது அநியாயம்.

அப்புறம், அவர் வெள்ளையர் இருக்கையில் உட்காரவில்லை. அதற்குப் பின்னால், கறுப்பினத்தவர் உட்காரலாம் என்றிருந்த வரிசையில்தான் இருந்தார். ஒரு வெள்ளையருக்கு இடம் இல்லை என்றதும் அந்த வரிசையில் இருந்த நால்வரையும் எழச் சொன்னார் ஓட்டுநர். மூவர் எழுந்தார்கள்.

அவர்தான் முதல் ஆள் என்பதும் சரியில்லை. அதே ஆண்டு மார்ச் 2 அன்று, அதே நகரில், 15 வயது கிளாடெட் கோல்வின் எழ மறுத்துக் கைதானார். பேருந்துப் பாகுபாட்டை 1956இல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஒழித்த வழக்கும் பார்க்ஸுடையது அல்ல. அதைத் தொடுத்த நான்கு பெண்களில் கோல்வினும் ஒருவர். அவர் பெயரை ஒரு வரியிலாவது எழுதுங்கள்.

பார்க்ஸ் கைதானதை அடுத்து மாண்ட்கோமரியின் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் நடத்திய 381 நாள் புறக்கணிப்பை மார்ட்டின் லூதர் கிங் தொடங்கியதாக எழுதுவதும் பிழை. பார்க்ஸ் கைதான இரவே கண்விழித்து ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அச்சடித்தவர் ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை. 26 வயது கிங் அந்தப் போராட்டத்தின் தலைவரானது அதற்குப் பிறகுதான்.

வென்றதோடு கதையை முடித்துவிடாதீர்கள். பார்க்ஸுக்கு வேலை போனது, கொலை மிரட்டல்கள் வந்தன. 1957இல் குடும்பத்தோடு டெட்ராய்ட்டுக்குப் போய், அங்கும் வீட்டு வசதியில் காட்டப்பட்ட பாகுபாட்டை எதிர்த்துப் போராடினார்.