நாலு இடத்தில் இறங்கி ஏறினால் நாலு மடங்கு பொயின்ட்ஸா?

மெல்பேர்னில் இருக்கிற என் மச்சான் ஏற்றிவிட்ட பைத்தியம் இது. சின்ன பிளேனில் ஏறி, முக்கால் மணித்தியாலத்தில் ஒரு ஊரில் இறங்கி, மறுபடி ஏறி, இன்னொரு ஊரில் இறங்கி, இப்படியே பகல் முழுக்கப் பறந்து, விமானக் கொம்பனிகள் பறக்கிறவர்களுக்குத் தருகிற பொயின்ட்ஸைச் சேர்ப்பது. போகிற ஊரில் ஒரு அலுவலும் கிடையாது. கொழும்பில் சொன்னால் சிரிப்பார்கள்தான். ஆனால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பிள்ளைகளைப் பார்க்க அவுஸ்திரேலியாவுக்கும், கல்யாணப் புடவைக்கும் கோயிலுக்கும் சென்னைக்கும் போய்வருகிற ஆட்கள் இப்போது இதைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கேட்கிற எல்லோரும் அநேகமாக ஒரே பிழைகளைத்தான் விடுகிறார்கள், அதில் பாதியை நானும் விட்டிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் தாய்ப் பிழை, எத்தனை தரம் இறங்கி ஏறுகிறோமோ அத்தனை மடங்கு பொயின்ட்ஸ் என்று நினைப்பது. கொம்பனிகள் மூன்று விதமாக எண்ணும்: பறந்த தூரம், கொடுத்த காசு, பறந்த செக்டர் (அதாவது ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஒரு பறப்பு). காசைப் பார்த்து எண்ணுகிற இடத்தில் நீங்கள் நாலு ஊர் சுற்றினாலும் நேரே போனாலும் ஒன்றுதான், முதுகுவலி மட்டும்தான் மிச்சம். பிரிட்டிஷ் எயார்வேஸ் 2025 ஏப்ரல் 1 முதல் தன் அந்தஸ்துக் கணக்கை (சில்வர், கோல்ட் என்று உறுப்பினரைத் தரம் பிரிப்பதை) செலவழித்த பணத்துக்கு மாற்றிவிட்டது. அதற்கு முந்தைய காலத்து யோசனைகளை இன்னும் ஆட்கள் ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தியக் கொம்பனி இண்டிகோவின் புளூசிப் பொயின்ட்ஸ் திட்டமும் டிக்கெட் காசை வைத்துத்தான். அப்படியானால் யாழ்ப்பாணத்தில் ஏறி சென்னை, அங்கிருந்து தூத்துக்குடி என்று ஏடிஆர் என்கிற சின்ன விசிறி பிளேனில் தாவித் தாவிப் போவது வேடிக்கை பார்க்க நல்லது, பொயின்ட்ஸுக்கு ஒன்றுமில்லை.

செக்டரை மதிக்கிற இடங்களும் இருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் குவான்டாஸில் 750 மைலுக்கு உட்பட்ட உள்ளூர்ப் பறப்பு ஒன்றுக்கு, மலிவான எகொனமி டிக்கெட்டுக்கும், அந்தஸ்துக்கு எண்ணுகிற ஸ்டேட்டஸ் கிரெடிட் 10 கிடைக்கும், அது 200 மைலாக இருந்தாலும் சரி. அலாஸ்கா எயார்லைன்ஸின் அட்மோஸ் திட்டத்தில் தூரமா, காசா, செக்டரா என்று உறுப்பினரே தெரிவுசெய்யலாம், செக்டர் என்றால் ஒன்றுக்கு 500 பொயின்ட்ஸ். சின்ன பிளேன் விளையாட்டுக்கு அர்த்தம் இருப்பது இந்த மாதிரி இடத்தில் மட்டும்தான்.

சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். குவான்டாஸில் சில்வருக்கு 300 கிரெடிட், கோல்டுக்கு 700. பத்துப் பத்தாகச் சேர்த்து முதல் தடவை கோல்ட் ஆக 70 செக்டர் வேண்டும். அவுஸ்திரேலியாவில் உள்ளூர் சின்ன பிளேன் டிக்கெட் மலிவும் இல்லை, சின்ன ஊர் என்றால் பல நேரம் பெரிய நகரங்களுக்கு இடையிலான டிக்கெட்டை விடக் கூட இருக்கும். ஆகவே தொடக்கத்திலிருந்து முடிவு வரை இதிலேயே ஏறிவிடலாம் என்று நினைப்பவர் லவுஞ்சில் குடிக்கப்போகிற கோப்பிக்கு ஒரு வீட்டு வாடகையைக் கொடுக்கிறார். வருட முடிவில் 20, 30 குறைகிறதா, அப்போது ஒரு நாள் ஒதுக்கி மூன்று செக்டர் பறப்பது புத்தி. கோல்ட் என்றால், ஒரு கொம்பனியின் அந்தஸ்தை மற்றதும் மதிக்கிற ஒன்வேர்ல்ட் கூட்டணியில் சஃபையர் என்கிற தரம், ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸும் 2014 மே முதல் அந்தக் கூட்டணியில்தான், கட்டுநாயக்கவில் எகொனமி டிக்கெட்டோடு லவுஞ்சுக்குள் போகலாம். அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் எவ்வளவு குறைகிறது என்று பார்க்காமல் முதல் டிக்கெட்டை வாங்காதீர்கள். இன்னொன்று, செலவழிக்கிற பொயின்ட்ஸ் வேறு, அந்தஸ்தைத் தருகிற கிரெடிட் வேறு. ஒன்று ஏறினால் மற்றதும் அதே அளவில் ஏறும் என்று இல்லை.

இனி நான் விட்ட பிழை. வழியில் மூன்று ஊரில் நின்று போகிற ஒரு பறப்பைப் பார்த்ததும் வாயில் தண்ணீர் ஊறி, ஒரே டிக்கெட்டாக வாங்கி, நாலு தரம் ஏறி இறங்கி, அரை நாள் இயந்திரச் சத்தத்தில் காது அடைத்து வீடு வந்தேன். கணக்கில் விழுந்தது ஒரே ஒரு செக்டர். காரணம், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பறப்பு இலக்கம். பெரும்பாலான திட்டங்களுக்கு ஒரு இலக்கம் என்றால் ஒரு பறப்பு, நடுவில் எத்தனை தரம் தரையைத் தொட்டாலும் அது பஸ் ஹோல்ட் மாதிரித்தான். பசிபிக் கடலில் ஹொனலூலுவிலிருந்து மஜுரோ, குவாஜலின், கொஸ்ரே, போன்பே, சூக் என்று ஐந்து இடம் தொட்டு குவாம் போகிற அமெரிக்கக் கொம்பனி யுனைட்டட்டின் பெயர்போன 154ஆம் இலக்கப் பறப்பு இந்த வகைதான் (அது சின்ன பிளேன் அல்ல, போயிங் 737, குவாஜலின் அமெரிக்க இராணுவத் தளம் என்பதால் அங்கே அலுவல் இல்லாதவர் இறங்கவும் முடியாது). ஒவ்வொரு துண்டுக்கும் வேறு இலக்கம் இருக்கிறதா என்று டிக்கெட் வாங்குமுன் பாருங்கள், வாங்கிய பிறகு அழுது பயனில்லை.

யாருடைய பிளேன் என்று பார்க்காதது அடுத்தது. அவுஸ்திரேலியாவின் வடக்கே கேர்ன்ஸில் ஏறி நோர்மன்டன், மோர்னிங்டன் தீவு, பேர்க்டவுன், டூமட்ஜீ வழியாக மவுண்ட் ஐசா வரை போகிற ரெக்ஸ் பாதையைப் பார்த்தால் இந்தப் பைத்தியம் பிடித்த எவருக்கும் கை துறுதுறுக்கும், 34 சீட் சாப் 340. ஆனால் ரெக்ஸ் வேறு கொம்பனி, குவான்டாஸ் கணக்கில் ஒரு சதமும் விழாது. நம் பக்கத்திலும் அதே கதை. 2019 நவம்பரில் சென்னை–யாழ்ப்பாணம் பறக்கத் தொடங்கிய அலையன்ஸ் எயார் பெயரில் மட்டும்தான் அலையன்ஸ், ஸ்டார் அலையன்ஸ் என்கிற விமானக் கூட்டணியில் இல்லை. எயார் இந்தியா 2022 ஜனவரியில் டாட்டாவிடம் போனபோது அதன் கிளையாக இருந்த அலையன்ஸ் எயார் அரசாங்கத்தோடு நின்றுவிட்டது. இதே பாதைக்கு 2024 செப்டெம்பரில் வந்த இண்டிகோவும் எந்தக் கூட்டணியிலும் கிடையாது.

பெயர். இதைப் பற்றி வெளிநாட்டுக்காரர் எழுத மாட்டார்கள், அவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. நம் ஆட்கள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் ஒரு கட்டத்தில், சொந்தப் பெயர் இன்னொரு கட்டத்தில், இரண்டும் சேர்ந்தால் முப்பது எழுத்துக்கு மேல். பொயின்ட்ஸ் கணக்கைத் திறக்கும்போது வங்கி அட்டையில் இருக்கிற மாதிரி இனிஷியல் போட்டு எழுதியிருப்போம், டிக்கெட்டில் ஏஜென்சிக்காரத் தம்பி பாஸ்போர்ட்டைப் பார்த்து முழுதாக அடித்திருப்பார், போர்டிங் பாஸில் இடம் போதாமல் பாதியில் வெட்டியிருக்கும். மூன்றும் மூன்று மனிதர். கணினி உங்களுக்குப் பொயின்ட்ஸ் தராது. ஒரு நீண்ட பறப்பு என்றால் ஒரு தரம் முறைப்பாடு, செக்டர் விளையாட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முறைப்பாடு. கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எது குடும்பப் பெயர் எது மற்றப் பெயர் என்பது உட்பட, திருத்தி எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

மலிவாக வருகிறதென்று துண்டு துண்டாக வேறு வேறு டிக்கெட் வாங்குகிறவர்கள் கொஞ்சம் பயப்பட வேண்டும். முதல் பிளேன் பிந்தினால் இரண்டாவது கொம்பனிக்கு உங்கள் மீது ஒரு கடமையும் இல்லை, வரவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடும். சின்ன விமான நிலையத்தில் மாலைப் பறப்பு ரத்தானால் அடுத்தது அநேகமாக மறுநாள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவத்தில் சென்னை, யாழ்ப்பாணம் பக்கம் இதை வைத்து விளையாடாதீர்கள். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலுக்குச் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். அதோடு நமக்கு இந்தியாவுக்கு விசா வேண்டும், சென்னையில் இறங்கி உள்ளூர்ப் பறப்புக்கு மாறினால் குடிவரவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்துத்தான் மறுபக்கம் போகலாம். ஒரு மணித்தியால இடைவெளி விட்டு டிக்கெட் போடுகிறவரை என்னவென்று சொல்வது!

பெட்டி விஷயம் சுருக்கமாக. ஏடிஆரிலும் டாஷ் 8இலும் மேல் தட்டு சின்னது, சில்லு வைத்த பெட்டியைப் பிளேன் வாசலிலேயே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். பவர் பேங்க், பாஸ்போர்ட், மருந்து மூன்றையும் அதற்கு முன் எடுத்துவிடுங்கள், பவர் பேங்க் சரக்கறைக்குப் போகக்கூடாது. பனங்கட்டியும் மிளகாய்த்தூளுமாக அம்மா கட்டித் தருகிற பொதிக்கு இந்தப் பயணத்தில் இடமில்லை. வெக்கை நேரத்தில் காற்றின் அடர்த்தி குறையும், இறக்கை தூக்குகிற பலம் குறையும், ஓடுபாதையும் குட்டையென்றால் பாரத்தைக் குறைக்கத்தான் வேண்டும், அப்போது முதலில் விட்டுவிட்டுப் போவது பெட்டியைத்தான். அப்புறம், ஏடிஆரில் முன் வரிசை கேட்டு வாங்காதீர்கள். பயணிகள் ஏறுகிற கதவு பின்னால், ஆகவே முன்னால் இருப்பவர்தான் கடைசியாக இறங்குவார், விசிறிச் சத்தமும் அந்தப் பக்கம்தான் கூட.

போர்டிங் பாஸை உடனே போனில் படம் எடுத்து வையுங்கள். அந்த வழுவழுப்பான தாள் நம் வெக்கையில் இரண்டு மூன்று மாதத்தில் வெளுத்துப்போகும், விடுபட்ட பொயின்ட்ஸைக் கேட்டு எழுதும்போது அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.