சூடு காட்டும் முள் நடுவில் நின்றால் நம்பாதீர்கள்: பழைய பி.எம்.டபிள்யூ. வாங்குவோருக்கு

மலேசியாவில் ஒரு புது மைவி காருக்கு ஒன்பது வருடக் கடன் போடும் விலையில் பாதிகூட வேண்டாம், இருபது வயசு பி.எம்.டபிள்யூ. ஒன்றைக் கைக்காசிலேயே வாங்கிவிடலாம். துரை வண்டி தோட்டத்துக்குள் நுழைவதைப் பார்த்து வளர்ந்த எங்கள் சுங்கை சிப்புட்காரர்களுக்கு அந்த ஆசை விடாது. எனக்கும் விடவில்லை.

முதல் தவறு, இருப்பதையெல்லாம் வாங்கும்போதே கொடுத்துவிடுவது. வண்டி விலைதான் இறங்கியிருக்கிறது. சாமான் விலை அப்படியே நிற்கிறது. கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்காவது முதல் வருடச் செலவுக்கு ஒதுக்குங்கள். சாலை வரியும் என்ஜின் கொள்ளளவான சிசிக்கு ஏற்ப எகிறும். தீபகற்பத்தில் சொந்தப் பெயரில் இருக்கும் செலூன் காருக்கு 2,000 சிசி வரை 380 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டாது. 2,500 என்றால் 880. 3,000 பக்கம் போனால் 2,000 வெள்ளிக்கு மேல்.

அடுத்தது நான் வாங்கிக் கட்டிக்கொண்டது. என்னுடையது ஈ46 ரகத்தில் '318 ஐ' என்ற மாடல். அதில் என்ஜினைக் குளிர்விக்கும் நீரான கூலண்ட் இருக்கும் தொட்டி பிளாஸ்டிக். சூடுபட்டுச் சூடுபட்டு அப்பளம்போல் ஆகிவிடும். தொட்டியின் ஒட்டு ஓரத்தில் உப்புப் பூத்த மாதிரி ஒரு தடம் இருந்தது. பார்த்தேன். இரண்டு மாதம் பைப் தண்ணீரை ஊற்றியே ஓட்டினேன். ஒரு மத்தியானம் செம்பனைக் குலை லாரியின் பின்னால் ஊர்ந்தபோது பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. வீடு இன்னும் இரண்டு மைல்தானே என்று நிறுத்தாமல் போனேன். என்ஜினின் மேல்பாகமான அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. இருநூறு வெள்ளித் தொட்டிக்குப் பார்த்துக் கடைசியில் மூவாயிரம் அழுதேன்.

"முள்ளு நடுவுலதானே இருந்துச்சு, அண்ணே?"

"அது அப்படித்தான் தம்பி நிக்கும்," என்றார் பட்டறைக்காரர்.

உண்மைதான். அந்த ரக வண்டியில் சுமார் 75 டிகிரியிலிருந்து 115 வரை முள் நடுவை விட்டு அசையாதபடி அமைத்திருக்கிறார்கள். அது நகரும்போது காரியம் முடிந்திருக்கும்.

தொட்டி போனால் ஹோஸ், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கூலியும் கூலண்டும் ஒரு தடவையோடு போகும். இவற்றைப் பழைய வண்டிகளின் சாமான் விற்கும் பொத்தோங் கடையில் தேடாதீர்கள். கதவு, கண்ணாடி, சீட் அங்கே வாங்கலாம். ரப்பரும் பிளாஸ்டிக்கும் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் நம் வண்டி வயசுதான்.

பட்டறையில் கோளாறு பார்க்கும் கம்ப்யூட்டரில் சென்சர் பெயர் வந்தவுடன் சென்சர் வாங்க ஓடுவதும் வீண்செலவு. என்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் ரப்பர் கிழிந்திருந்தாலும் ஆக்ஸிஜன் சென்சரைக் கைகாட்டும் கோளாறு எண் வரும். கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுளுக்கும் தாங்கும் என்பார்கள், பல பி.எம்.டபிள்யூ.க்களுக்குக் கியர்பாக்ஸ் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

இப்போது வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஒரு சின்ன ஓ.பி.டி. கருவியைச் செருகி, நிஜமான சூட்டைக் கைப்பேசியில் பார்த்தபடிதான் ஈப்போவுக்குப் போகிறேன். 110ஐத் தாண்டினால் ஓரங்கட்டிவிடுவேன். வீடு இரண்டு மைலில் இருந்தாலும் சரி.