திருகோணமலைப் பக்கம் காட்டு ஓர்க்கிட் தேடுவது எப்படி: முதலில் வேரைப் பாருங்கள்

ஓர்க்கிட் தேடிப் போகிறவர்கள் அநேகமாகப் பூவைத் தேடுகிறார்கள். செடி பூத்திருப்பதோ ஆண்டில் சில வாரங்கள்தான். வேரும் இலையும் 12 மாதமும் மரத்திலேயே இருக்கின்றன. கண்ணை வேருக்குப் பழக்கிக்கொண்டால் நம் வறண்ட காட்டிலும் அரை நாள் வீண்போகாது. சிங்கராஜா மழைக்காட்டைப் போல வகைகள் இங்கே குவிந்து கிடக்கவில்லை. ஆனால் காடு வெளிச்சமாக இருப்பதால் இருப்பது கண்ணில் படும்.

முதலில் மரத்தைத் தெரிவு செய்யுங்கள். ஓர்க்கிட் விதை தூசியளவுதான். அதற்குள் முளைக்குத் தேவையான உணவு இல்லை. ஈரம் தங்கும் வெடிப்பில் விழுந்து, அங்குள்ள பூஞ்சணத்தின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். ஆகவே பட்டை வெடித்துச் சொரசொரப்பான பாலை, முதிரை, புளி, இலுப்பை போன்றவற்றைப் பாருங்கள். மருதின் பட்டை உரிந்துகொண்டே இருக்கும்; அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். வயதும் முக்கியம். வெட்டி வெளியாக்கிய இடத்தில் மறுபடி முளைத்த பற்றைக்காட்டைவிட, கோயிலடி மரமும் பழைய குளக்கட்டு மரமும் பலமடங்கு மேல். நகரத்திலிருந்து அநுராதபுரம் வீதியால் கன்னியாப் பக்கம், அல்லது கண்டி வீதியால் கந்தளாய்ப் பக்கம் போனால் இப்படிப்பட்ட மரங்கள் கிடைக்கும்.

காலை 6.30 முதல் 9.30 வரை நல்ல நேரம். வெயில் சரிவாக விழுவதால் மரத்தண்டில் ஒட்டியிருப்பது தெளிவாகத் தெரியும். பத்து மணிக்குப் பிறகு கிளையிலுள்ளதெல்லாம் வானத்துக்கு எதிரே கறுப்பு நிழல்தான். மரத்தில் வளர்பவற்றின் பூவுக்குச் சித்திரை முதல் ஆடி வரை போகலாம். நிலத்தில் முளைப்பவை மாரி மழையோடு இலை விட்டு, கச்சான் வீசும் காலத்தில் கிழங்காக மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். அவற்றுக்கு மார்கழி, தை.

மரத்திலிருந்து ஐந்தாறு மீற்றர் தள்ளி நின்று, அடியிலிருந்து கிளை பிரியும் கவர் வரை மெதுவாகக் கண்ணை ஏற்றுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 தொலைநோக்கி இருந்தால் நல்லது. தேடவேண்டியது பென்சில் தடிப்பில் பட்டையோடு ஒட்டியோ காற்றில் தொங்கியோ இருக்கும் வெள்ளி நிற வேர். வளரும் நுனி மட்டும் பச்சையாக இருக்கும். கைக்கெட்டும் வேரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். வெளியே உள்ள பஞ்சு போன்ற உறை நீரை இழுத்துக்கொள்ள, சாம்பல் நிறம் கண்முன்னே பச்சையாகும்.

ஆரம்பத்தில் எல்லோரும் ஏமாறுவது குருவிச்சையில். அதன் இலையில் நரம்பு கிளை பிரிந்து ஓடும்; அடிப்பாகம் கிளைக்குள்ளேயே புகுந்து வீங்கியிருக்கும். ஓர்க்கிட் மரத்தை உறிஞ்சுவதில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கிறது. இலை நரம்பும் நேர்கோடாகவே ஓடும். இலையின் அடியில் பழுப்புப் பொட்டுக்கள் வரிசையாக இருந்தால் அது பன்னம்.

வண்டா டெசலாட்டா என்ற ஓர்க்கிட் வகையின் இலை வாரைப் போல நீண்டு, நடுவில் மடிந்து, நுனி எலி கடித்தது போல இருக்கும். பூ நான்கைந்து சென்றிமீற்றர். மஞ்சள் கலந்த பழுப்பில் வலை பின்னியது போன்ற கோடுகள், நடுவில் நீலமோ ஊதாவோ ஆன, உதடு போன்ற இதழ். கிட்டப் போனால் மணக்கும். அதன் பூந்தண்டு நிமிர்ந்து நிற்கும். மட்டக்களப்பு ஓர்க்கிட் என்று சொல்லப்படும் நரிவால் ஓர்க்கிட்டில் பூங்கொத்து கீழே தொங்கும்; வெள்ளையில் ஊதாப் புள்ளிகள், நெருக்கி நெருக்கி. பற்றைகளில் இலையே இல்லாத தடித்த பச்சைக் கொடியைக் கண்டால் பிரண்டை என்று விட்டுவிடாதீர்கள். பிரண்டைக்கு நான்கு விளிம்பும் சுருள்தந்தும் உண்டு. தண்டு உருண்டையாக, கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தால் அது காட்டு வனிலாவாக இருக்கலாம், அதுவும் ஓர்க்கிட்தான்.

படம் நான்கு எடுங்கள்: மரத்தோடு முழுச்செடி, இலை நுனி, பூவின் முன்பக்கம், பக்கவாட்டுத் தோற்றம். நான்காவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பூவின் பின்னால் நீளும் தேன்குழல் அதில்தான் தெரியும், வகையைப் பிரிக்க அது வேண்டும். படத்தை வெளியிடும்போது இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள், பிடுங்கி விற்பவர்களும் பார்ப்பார்கள்.

நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். மரத்தில் கைவைக்குமுன் முசுறு இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பியதும் உண்ணி கடித்திருக்கிறதா என்று முழங்காலின் பின்புறத்தைப் பாருங்கள். யானை நடமாட்டத்தை ஊரவரிடம் கேட்டுவிட்டே காட்டுப் பாதையில் இறங்குங்கள்; புதிய இலத்தி கண்டால் திரும்பிவிடுங்கள். கண்ணிவெடிப் பலகை உள்ள காணிக்குள் எந்தப் பூவுக்காகவும் காலடி வைக்கக்கூடாது.

ஒதுக்கக் காடுகளில் செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம். பிடுங்கினாலும் பிழைப்பது அரிது: பட்டையோடு ஒட்டிய வேர் உரியும்போது நுனி அறுந்துவிடும், பிறகு மண்சட்டியில் மூச்சின்றி அழுகும். ஆனால் வாடைக்காற்றில் உங்கள் வளவு மரத்தின் கிளை ஓர்க்கிட்டோடு முறிந்து விழுந்தால் காப்பாற்றலாம். செடியைக் கழற்றாதீர்கள். இருபுறமும் ஓரடி விட்டுக் கிளையை அறுத்து, அந்தத் துண்டை அப்படியே உயிருள்ள மரத்தின் கிழக்குப் பக்கத்தில், தலைக்குச் சற்று மேலே, பழைய வேட்டித் துண்டால் மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். கம்பி வேரை அறுக்கும். மழையில்லாத நாட்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை காலையில் வேருக்கு மட்டும் தண்ணீர் தெளியுங்கள். மாலையில் குருத்துக்குள் தேங்கினால் அழுகிவிடும். புது வேரின் பச்சை நுனி மரப்பட்டையைத் தொட்டுப் பற்றியதும் தண்ணீரை நிறுத்தலாம். வேட்டித் துண்டு தானாக இற்று விழட்டும்.