புடவைக் கடையில் நின்ற இரண்டு வருடத்தை மறைக்காதீர்கள்: பொலிஸ் சேவைக்கு விண்ணப்பிக்கும் மலையகப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொலிஸ் கான்ஸ்டபிள் பதவிக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போதெல்லாம், ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து நாலைந்து பிள்ளைகளாவது கடதாசிக் கட்டோடு என் வீட்டுக்கு வருவார்கள். கடைசியாக வந்த தம்பி சுயவிவரத் தாளை அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். முன் அனுபவம் என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு கிழித்திருந்தான்.

“சாதாரண தரம் எழுதி மூன்று வருடம் ஆகிறதே, இடையில் என்ன செய்தாய்?”

“சும்மாதான் இருந்தேன் சேர்.”

தேநீர் குடித்து முடிக்கும் வரை பேச்சுக் கொடுத்த பிறகே உண்மை வந்தது. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறான். காலை எட்டு மணிக்குத் திறந்தால் இரவு எட்டு வரை நிற்க வேண்டும். இரண்டாம் வருடத்தில், கடை பூட்டிய பிறகு கல்லாப் பணத்தை எண்ணி எழுதி ஒப்படைக்கும் பொறுப்பை முதலாளி இவனிடம் கொடுத்திருக்கிறார். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “கடை வேலைதானே சேர்” என்று தலையைக் குனிந்துகொண்டான்.

நம் பிள்ளைகளிடம் நான் அதிகம் காணும் தவறு இது. என்னை அதிகம் வருத்துவதும் இதுவே. தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்தது, ஹோட்டலில் மேசை துடைத்தது, சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் யாத்திரைப் பருவத்துக்குத் தேநீர்க் கடையில் நின்றது எல்லாம் சொல்லத் தகாத கதை என்று நினைக்கிறார்கள். நேர்முகப் பரீட்சையில் எதிரே அமர்ந்திருப்பவர் அறிய விரும்புவது என்ன? பணத்தை நம்பி இவனிடம் கொடுக்கலாமா, இடப்பட்ட கட்டளையைச் செய்வானா, கோபத்தோடு வருபவரிடம் நிதானமாகப் பேசுவானா, இரவு முழுக்கக் கண்விழித்து நிற்பானா. டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை நல்லதண்ணியில் நின்ற பிள்ளை இந்த நான்குக்கும் சொந்த வாழ்க்கையிலிருந்தே பதில் சொல்லலாம். கூட்டத்தில் தாயைத் தவறவிட்ட குழந்தையை எங்கே ஒப்படைத்தாய், குடித்துவிட்டு வந்து சண்டை இழுத்தவரை எப்படிச் சமாளித்தாய் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சட்டமும் அணிவகுப்பும் பயிற்சியில் கற்றுத் தருவார்கள். மனிதர்களிடம் பழகிய பழக்கத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

பாதுகாப்பு உத்தியோகத்தர் வேலை மட்டுமே பொலிஸுக்கு உதவும் என்று நினைப்பது அடுத்த தவறு. அந்த வேலையும் எப்படிச் செய்தோம் என்பதைப் பொறுத்தே பயன் தரும். நுவரெலியாவில் ஒரு விடுதி வாசலில் இரவுக் காவல் நின்ற ஒருவர் பதிவுப் புத்தகத்தில் “இரவு ஒரு வான் வந்தது, திருப்பி அனுப்பினேன்” என்று எழுதியிருந்தார். அதே வாசலில் அடுத்த வாரம் நின்றவர் எழுதியது இப்படி: “இரவு 11.40. வெள்ளை வான். சாரதியோடு மூவர். முன்பதிவு இல்லை. முகாமையாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். 11.55க்கு வெளியேறியது.” கூடவே வாகன இலக்கமும் இருந்தது. முறைப்பாடு எழுதும் கை இரண்டாமவருடையது. எந்த வேலையில் இருந்தாலும் நேரம், இலக்கம், யார், என்ன நடந்தது என்று குறித்துவைக்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் பொலிஸ் நிலையத்தில் தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்திட்டுத் திரும்பும் தாய்மாரை நம்மிடையே இன்றும் பார்க்கிறோம். இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தரின் அருமை அங்கே விளங்கும். கொழும்பில் வேலை பார்த்த பிள்ளைகள் சிங்களம் சரளமாகப் பேசுகிறார்கள். ஆனால் அதை வாசிக்கக் கற்பதில்லை. தமிழில் பிழையின்றி ஒரு பக்கம் எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுகிறார்கள். வாக்குமூலம் எழுத்தில் பதியப்படுவது. பேச்சு மட்டும் போதாது.

வேலையை விடும் விதத்திலும் தவறு நடக்கிறது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்படியே நின்றுவிடுகிறார்கள். பிறகு சேவைக் கடிதம் கேட்க முகம் வருவதில்லை. பொலிஸ் சேவையில் சேர வருபவரின் பின்னணியை விசாரிப்பார்கள். நீங்கள் எப்படி விலகினீர்கள் என்பதும் அப்போது பேச்சில் வரும். முன்கூட்டியே சொல்லி விலகுங்கள். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, என்ன வேலை என்று கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி தரப்பில் 12 வீதமும் கட்டப்பட வேண்டும். அந்த அங்கத்துவ இலக்கமே நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு நல்ல சாட்சி. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அதைக் கேட்டு வாங்குங்கள்.

கூட்டி எழுதுவது மறைப்பதை விடக் கெடுதல். பொருள் அடுக்கியவர் தன்னை ‘மேற்பார்வையாளர்’ என்று எழுதிக் கொடுத்தால், ஒரு தொலைபேசி அழைப்பில் அது வெளியாகிவிடும். பொய்த் தகவல் கொடுத்து நியமனம் பெற்றாலும் பிறகு தெரியவந்தால் வேலை போகும். செய்ததை அப்படியே எழுதுங்கள்.

அனுபவம் தகைமைக்கு ஈடாகாது என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வர்த்தமானி கேட்கும் சாதாரண தரச் சித்தி, வயதெல்லை, உடல் அளவுகள் எல்லாம் முதலில் பார்க்கப்படும். கணிதம் தவறியிருந்தால் வேலை பார்த்துக்கொண்டே திரும்ப எழுதச் சொல்லுங்கள். 16 வயதாகாத பிள்ளையை வேலைக்கு அனுப்புவது 2021இல் திருத்தப்பட்ட சட்டப்படி குற்றம். அந்த வயதில் பாடசாலையின் மாணவர் படையணி, சாரணர் இயக்கம், முதலுதவிப் பயிற்சி, கோயில் திருவிழாவில் தொண்டர் வேலை ஆகியவையே போதும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்தபோது நாம் பட்ட பாட்டை நினைத்தால், முதலுதவி தெரிந்த பத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரவில் திருட்டுத்தனமாக மாணிக்கக் கல் தோண்டுபவர்கள் “சும்மா பாதையில் நின்று பார்த்துக்கொள், காசு தருகிறோம்” என்று கூப்பிட்டால் போகாதீர்கள். ஓர் இரவுக் கூலிக்காக வழக்கில் பெயர் ஏறிவிட்டால் பொலிஸ் கனவு அதோடு முடிந்துவிடும்.

கடைசியாகப் பெயர். பிறப்புச் சான்றிதழில் ‘இராமையா’, அடையாள அட்டையில் ‘ராமையா’, சேமலாப நிதிப் பதிவில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்று ஒரே பிள்ளை மூன்று ஆளாக இருப்பது நம் தோட்டங்களில் சாதாரணம். அந்தத் தம்பியின் சேவைக் கடிதத்தை முதலாளி தயங்காமல் கொடுத்தார். ஆனால் அதில் ‘குமார்’ என்று மட்டுமே இருந்தது, அடையாள அட்டையில் அப்படி ஒரு பெயரே இல்லை. திருத்திய கடிதத்துக்காக மீண்டும் அதிகாலை பஸ்ஸில் கொழும்புக்குப் போய்வந்தான். கடிதத்தைக் கையில் வாங்கியவுடனேயே, அங்கேயே நின்று, அடையாள அட்டையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.