சுரங்கத்தில் கிரவுட்டிங்: ஹோஸையும் மக்கையும் தள்ளி வையுங்கள்

இரவு ஷிஃப்ட். பம்பின் அழுத்தமானியில் முள் ஏறிக்கொண்டே போகிறது. பாறை வெடிப்பை அடைக்கச் செலுத்தும் சிமென்ட் கரைசலான கிரவுட், துளைக்குள் இறங்குவேனா என்கிறது. மிக்சரில் நிற்பவர் யாரையும் கேட்காமல் தண்ணீர் ஹோஸைத் திறந்துவிடுகிறார். "அண்ணே, இறங்கிடுச்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. எல்லோருக்கும் நிம்மதி. நான் வேலை பார்த்த தளங்களில் அதிகம் கண்ட தவறு இதுதான்.

அதிகப்படித் தண்ணீர் கிரவுட்டோடு ஒட்டிக்கொண்டு இருக்காது. சிமென்ட் அடியில் படியும், தண்ணீர் மேலே பிரியும். துளை நிறைந்த மாதிரி தெரியும். ஆனால் பாறை வெடிப்பின் மேல்பகுதியில் ஒரு வெற்று வாய்க்கால் மிஞ்சும். நாளைக்கு அந்த வழியாகத்தான் தண்ணீர் சொட்டும். ஹோஸ் திறந்ததைக் கண்டுபிடிப்பது சுலபம். எடைப்படி சிமென்ட்டில் பாதி தண்ணீர் என்றால் கிரவுட் லிட்டருக்கு 1.8 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். சம எடை தண்ணீர் என்றால் 1.5 கிலோவுக்கு இறங்கிவிடும். மட் பேலன்ஸ் என்ற அடர்த்தித் தராசில் ஊற்றிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இளக்கம் வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டாம், சூப்பர் பிளாஸ்டிசைசர் போடுங்கள் என்று சொல்லிவைப்போம். உடனே அடுத்த தவறு தொடங்கும்: அதைப் பிளாஸ்டிக் மக்கில் அளப்பது. 100 கிலோ சிமென்ட்டுக்கு 1 சதவீதம் என்றால் மொத்தமே ஒரு கிலோதான். கை தவறி இன்னொரு மக்கு விழுந்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். கிரவுட் நன்றாக ஓடும், சந்தேகமே வராது. ஆனால் சிமென்ட் துகள்கள் பிரிந்து படியும், இறுகுவது பல மணி நேரம் தள்ளிப்போகும். அட்டவணைப்படி பக்கத்துத் துளையைப் போடும்போது நேற்று அடைத்த கிரவுட் சேறாக வெளியே வரும். தராசு இல்லாவிட்டால் அளவு குறித்த குவளையாவது மிக்சர் பக்கத்தில் இருக்கட்டும்.

பென்டோனைட் என்ற களிமண் விஷயத்தில் அவசரம்தான் எதிரி. தண்ணீர் பிரிவதைத் தடுக்க அதைச் சேர்க்கிறோம். அந்த வேலையை அது செய்ய வேண்டுமானால் முதலில் வெறும் தண்ணீரில் ஊறி உப்ப வேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். முந்தின நாளே ஊறப்போடுகிற தளங்களும் உண்டு. சிமென்ட்டோடு சேர்த்துக் காய்ந்த பொடியாகக் கொட்டினால், சிமென்ட்டிலிருந்து கரையும் கால்சியம் அதை உப்பவிடாது. விலை கொடுத்து வாங்கிய பென்டோனைட் வெறும் தூசியாகக் கிடக்கும்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. பாலிகார்பாக்சிலேட் வகை பிளாஸ்டிசைசரைப் பென்டோனைட் கிரவுட்டில் ஊற்றினால், களிமண் அடுக்குகள் அதை உறிஞ்சிக்கொள்ளும். கான்கிரீட்டில் அருமையாக வேலை செய்த அதே பீப்பாய் இங்கே கைவிட்டுவிடும். "மருந்து சரியில்லை" என்று சப்ளையரோடு சண்டை போடுவார்கள். மருந்தில் குறையில்லை, ஜோடிதான் பொருந்தவில்லை. நாப்தலீன் வகையை வைத்துச் சோதனைக் கலவை போட்டுப் பார்த்திருந்தால் சண்டையே வந்திருக்காது. சோதனைக்கும் பெரிய ஆய்வகம் தேவையில்லை. மார்ஷ் கோன் என்ற புனலில் 946 மில்லி தண்ணீர் இறங்க 26 விநாடி; அதோடு ஒப்பிட்டு உங்கள் கிரவுட்டின் ஓட்டத்தைப் பாருங்கள். ஒரு லிட்டர் அளவு உருளையில் ஊற்றி 2 மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே பிரிந்த தண்ணீர் 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கலவை நிலையானது அல்ல.

எந்த அட்மிக்சரும் (கலவையில் சேர்க்கும் மருந்தும்) செய்யாத ஒரு வேலை இருக்கிறது: சிமென்ட் துகளைச் சின்னதாக்குவது. சாதாரண சிமென்ட்டில் பெரிய துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு அருகே வரும். அதைவிட மெல்லிய வெடிப்புக்குள்ளோ நுண்மணலுக்குள்ளோ அவற்றை எவ்வளவு பிளாஸ்டிசைசர் ஊற்றியும் நுழைக்க முடியாது. அழுத்தத்தைக் கூட்டினால் நிலம் பிளந்து கிரவுட் வேறு பக்கம் ஓடும். அங்கே நுண்சிமென்ட்டோ சிலிகேட் கரைசலோதான் வழி. நுண்சிமென்ட்டும் அதிவேக மிக்சர் இல்லாவிட்டால் கட்டி கட்டியாகச் சேர்ந்து பெரிய துகள் போலவே நடந்துகொள்ளும்.

கிரவுட்டைச் சீக்கிரம் இறுகவைக்கும் ஆக்சிலரேட்டருக்கு வருவோம். டி.பி.எம். என்ற இயந்திரம் குடையும் சுரங்கங்களில், சுவராக நிற்கும் கான்கிரீட் செக்மென்ட் வளையத்துக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள இடைவெளியை இருபாகக் கிரவுட் கொண்டு நிரப்புவது இப்போது பரவலான முறை. ஒரு குழாயில் சிமென்ட், பென்டோனைட், இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேர்ந்த கரைசல் வரும். இன்னொன்றில் ஆக்சிலரேட்டராகச் சோடியம் சிலிகேட் வரும். இரண்டும் நாசிலில் சந்தித்த சுமார் 10 முதல் 20 விநாடிக்குள் ஜெல்லாகிவிடும். இந்த நேரத்தை மேலே, குளிரூட்டிய அறையில், குழாய்த் தண்ணீரில் சோதித்துவிட்டுக் கீழே அப்படியே நம்புவது தவறு. வெப்பம் 10 டிகிரி கூடினால் சிமென்ட்டின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பழைய கணக்கு. சிமென்ட் லாட் மாறினாலும் நேரம் மாறும். நிறுத்தியதும் நாசிலைக் கழுவ மறந்தால் அடுத்த வளையத்துக்குள் அது அடைத்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டராகக் கால்சியம் குளோரைடு மலிவு என்று, பாறையைப் பிடித்துவைக்கும் இரும்பு ராக் போல்ட் இருக்கும் இடத்தில் போட்டால் இரும்பு அரிக்கும்; அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தண்ணீர் பாய்ந்து வரும் இடத்தில் ஆக்சிலரேட்டரை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதும் வீண். இறுகுவதற்குள் சிமென்ட் அடித்துச் செல்லப்படும். முதலில் பாலியூரித்தேனாலோ வேறு வழியிலோ ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். பிறகு கரைந்து போகாமல் பிடித்துவைக்கும் அட்மிக்சரோடு சிமென்ட்டைச் செலுத்தலாம்.

வேதிக் கிரவுட்டில் இந்த அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு சுவீடனின் ஹாலன்ட்ஸோஸ் ரயில் சுரங்கம் இருக்கிறது. கசிவை அடைக்க அக்ரிலமைடு என்ற நச்சு வேதிப்பொருள் கொண்ட கிரவுட்டைச் செலுத்தினார்கள். நிலத்தடி நீர் பெருகி வந்ததில் அதன் ஒரு பகுதி இறுகாமலே ஓடைக்குப் போய்ச் சேர்ந்தது. 1997-ல் கீழ்ப்பகுதியில் மீன்கள் செத்தன, தண்ணீர் குடித்த மாடுகள் கால் ஓய்ந்து விழுந்தன, சுரங்க வேலை நின்றது. அந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது 2015-ல்தான்.