எஃப்.என்.பி. படிப்புக்குப் பின்: முதல் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லாந்தில் உள்ள மீனாட்சி கோயிலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என்னிடம் கிளினிக்கல் பயிற்சி முடித்த மாணவி ஒருவர் தயிர்சாதத் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, கைப்பையிலிருந்து 14 பக்க வேலை ஒப்பந்தம் ஒன்றை எடுத்து நீட்டினார். "அக்கா, சம்பளம் நல்லா இருக்கு. நாளைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்றாங்க. போட்டுரட்டுமா?" என்று கேட்டார். ஒன்பதாம் பக்கத்தைப் படித்தீர்களா என்று கேட்டேன். அவர் படித்திருக்கவில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நானும் படித்திருக்கவில்லை.

நான் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, அமெரிக்காவில் ஒன்பது ஆண்டுகள் ஆர்.என். ஆக, அதாவது பதிவுபெற்ற செவிலியராக, வார்டில் பணியாற்றிய பிறகு முதுநிலைப் படிப்பில் சேர்ந்து, நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் உயர்நிலைச் செவிலியரான குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது இங்கே எல்லோரும் சொல்லும் எஃப்.என்.பி., ஆனவள். இப்போது ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்கு ப்ரிசெப்டராக, அதாவது கிளினிக்கல் பயிற்சி தரும் வழிகாட்டியாக, இருக்கிறேன். அவர்களில் பலர் நம் ஊரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த செவிலியர்கள். நோயாளியிடம் காட்டும் கவனத்தில் பாதியைக்கூடத் தங்கள் வேலை ஒப்பந்தத்தின் மீது காட்டாதவர்கள். ரெஸ்யூமேயில் பிழை இருக்கக்கூடாது, நேர்காணலுக்குத் தாமதமாகப் போகக்கூடாது என்பவற்றையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

நாட்டுக் கணக்கைத் தன் கணக்காக எடுத்துக்கொள்வது

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை, 2023 முதல் 2033 வரையிலான பத்தாண்டில் நர்ஸ் பிராக்டிஷனர் வேலைகள் 46 சதவீதம் பெருகும் என்று கணித்தது. 2023 மே மாதக் கணக்கின்படி இடைநிலை ஆண்டுச் சம்பளம் 1,26,260 டாலர். இரண்டும் உண்மையான எண்கள்தான். ஆனால் அந்தச் சம்பளம், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்களையும் சேர்த்து வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவருடையது. சென்ற மாதம் பட்டம் பெற்றவருடையது அன்று. மேலும், இந்நாட்டு நர்ஸ் பிராக்டிஷனர்களில் பத்துக்கு ஏழு பேர் குடும்பப் பிரிவில் சான்றிதழ் பெற்றவர்கள். ஆகவே ஹூஸ்டன், டல்லஸ் போன்ற நகரங்களில் ஒரு நல்ல கிளினிக் வேலைக்கு உங்களைப் போன்றே தகுதி உடைய பலர் விண்ணப்பிப்பார்கள். ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலும் மேற்கு டெக்சாஸின் சிற்றூர்களிலும் இதே தகுதிக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். குடும்பத்தோடு ஓர் ஊரில் வேரூன்றிவிட்டவர்களுக்கு இடம் மாறுவது எளிதன்று என்பதை அறிவேன். இருந்தாலும், இரண்டு ஆண்டுகள் மாறிச் செல்ல முடியுமா என்று வீட்டில் ஒருமுறையாவது பேசிப் பாருங்கள்.

சம்பளத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவது

இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது இந்தத் தவறுதான். எண்ணிப் பார்த்தால் இன்றும் மனம் எரிகிறது.

என் முதல் வேலை ஒரு தனியார் கிளினிக்கில். முதல் பக்கத்தில் இருந்த சம்பளம், வார்டில் நான் வாங்கியதைவிட ஏறக்குறைய முப்பதாயிரம் டாலர் அதிகம். அதைப் பார்த்த மகிழ்ச்சியில் மற்ற பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கையெழுத்திட்டேன். 26 மாதங்களுக்குப் பிறகு, நாளொன்றுக்கு 28 நோயாளிகளைப் பார்த்துவிட்டு இரவு பத்து மணி வரை வீட்டில் குறிப்பு எழுதும் நிலை வந்தபோது விலகல் கடிதம் கொடுத்தேன். ஒப்பந்தத்தில் இருந்த மூன்று வரிகள் அதன் பிறகுதான் என் கண்ணில் பட்டன.

முதலாவது, காப்பீடு. மருத்துவத் தவறு தொடர்பான காப்பீட்டில் இரண்டு வகை உண்டு. 'அக்கரன்ஸ்' வகையில், நீங்கள் வேலை செய்த காலத்தில் நடந்த ஒன்றுக்கு எப்போது வழக்கு வந்தாலும் காப்பீடு பொறுப்பேற்கும். 'கிளெயிம்ஸ் மேட்' வகையில், சம்பவம் நடந்தபோதும் வழக்கு வரும்போதும் அதே காப்பீடு உயிரோடு இருக்க வேண்டும். வேலையை விட்ட மறுநாள் அந்தக் காப்பீடு முடிந்துவிடும்; அதுவரை நீங்கள் பார்த்த நோயாளிகள் அத்தனை பேரின் பொறுப்பும் பாதுகாப்பு எதுவுமின்றி உங்கள் தலைமேல் நிற்கும். அந்த இடைவெளியை அடைக்க 'டெயில்' என்று ஒன்றைத் தனியாக விலைக்கு வாங்க வேண்டும். டெக்சாஸில் இத்தகைய வழக்கைப் பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்றாலும், குழந்தைகளின் விஷயத்தில் அந்தக் காலம் நீளும். எஃப்.என்.பி. ஆகிய நாம் கைக்குழந்தையிலிருந்து முதியவர் வரை பார்க்கிறவர்கள் என்பதால் டெயில் இல்லாமல் விலகுவது எனக்குச் சரியாகப் படவில்லை. விலகிய பத்தாவது நாள் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது: 4,600 டாலர், 30 நாட்களுக்குள். கிளினிக்கைக் கேட்டேன். ஒன்பதாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள். 'டெயில் செலவு பணியாளரைச் சேர்ந்தது' என்று ஒரே வரி அங்கே இருந்தது.

இரண்டாவது, போட்டித் தடை. விலகிய பின் 2 ஆண்டுகளுக்கு, கிளினிக்கின் 'எந்தக் கிளையிலிருந்தும்' 15 மைல் தொலைவுக்குள் வேலை செய்யக்கூடாது என்று இருந்தது. நான் வேலை செய்ததோ ஒரே கிளையில். அவர்களுக்கு இருந்தவை நான்கு. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் ஹூஸ்டன் வரைபடத்தை விரித்து, மகளின் காம்பஸை வாங்கி நான்கு வட்டங்கள் போட்டேன். நகரத்தின் தென்பாதி முழுவதும் வட்டங்களுக்குள் அடங்கிவிட்டது. வடக்கே கிடைத்த வேலைக்குப் போக 70 நிமிடம், திரும்பி வர அதைவிட அதிகம். மகளின் ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் அந்தச் சாலையிலேயே கழிந்தன. அந்த இரண்டு ஆண்டுகளை எந்தச் சம்பளத்தாலும் ஈடுகட்ட முடியாது.

மூன்றாவது, 'போதுமான அறிமுகப் பயிற்சி வழங்கப்படும்' என்ற வரி. போதுமானது என்பது மூன்று நாட்கள் என்று முடிவு செய்தது அவர்கள். நான்காம் நாள் காலை என் பட்டியலில் 18 நோயாளிகள் இருந்தார்கள்.

சட்டம் இப்போது சற்று மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் செய்துகொள்ளப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் ஒப்பந்தங்களில், செவிலியர்களுக்கான போட்டித் தடை ஓர் ஆண்டையும், நீங்கள் முதன்மையாகப் பணியாற்றிய இடத்திலிருந்து 5 மைலையும் தாண்டக்கூடாது. பணம் கட்டி விடுபடும் வழியும் இருக்க வேண்டும், அந்தத் தொகை உங்கள் ஓராண்டுச் சம்பளத்துக்கு மேற்படக்கூடாது. நாடு முழுவதும் இத்தகைய தடைகளை ஒழிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2024இல் கொண்டுவந்த விதியை டல்லஸில் உள்ள மத்திய நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் முடக்கிவிட்டது. ஆகவே மற்ற மாநிலங்களில் அந்தந்த மாநிலச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கோயிலில் அந்த மாணவியிடம் நான் சொன்னது இதுதான். காப்பீடு எந்த வகை என்று எழுத்தில் கேளுங்கள். கிளெயிம்ஸ் மேட் என்றால் டெயில் செலவை அவர்களே ஏற்பதாக எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் மாதம் நாளொன்றுக்கு எத்தனை நோயாளிகள், மூன்றாம் மாதம் எத்தனை, ஆறாம் மாதம் எத்தனை என்று எண்ணாகவே ஒப்பந்தத்தில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் கூடவே நின்று பார்க்கும் மருத்துவரோ மூத்த நர்ஸ் பிராக்டிஷனரோ (என்.பி.) யார் என்பதையும் கேளுங்கள். ஒப்பந்தத்தை ஒரு வேலைவாய்ப்பு வழக்கறிஞரிடம் காட்ட ஆகும் சில நூறு டாலரை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். நாளைக்கே கையெழுத்து வேண்டும் என்று அவசரப்படுத்தும் இடத்தில், நாளை மறுநாளும் அந்த வேலை இருக்கும். நான் பார்த்தவரை பெரும்பாலும் இருந்திருக்கிறது. அவர் மறுநாள் கிளினிக்குக்கு மின்னஞ்சல் அனுப்பினார். டெயிலையும் பயிற்சிக் காலத்தையும் ஒப்புக்கொண்டார்கள். நோயாளி எண்ணிக்கையை எழுதித் தர மறுத்துவிட்டார்கள். அவர் இன்னும் கையெழுத்திடவில்லை. வேறு இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறார்.

தேர்வு முடிவு வந்த அன்றே ஆர்.என். வேலையை விடுவது

சான்றிதழ்த் தேர்வில் வென்றுவிட்டால் அடுத்த திங்கள்கிழமை நோயாளிகளைப் பார்க்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மாநில உரிமம் வர வேண்டும், சிகிச்சை தருவோருக்கான தேசிய அடையாள எண்ணான என்.பி.ஐ. வேண்டும், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதுவதற்கு மத்திய போதைமருந்துத் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ.வின் பதிவு வேண்டும், அதற்கு மூன்று ஆண்டுக் கட்டணம் 888 டாலர். இவை முடிந்த பிறகும் நோயாளிகளின் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒவ்வொன்றும் உங்களைத் தன் பட்டியலில் சேர்க்க மூன்று மாதம், சில நேரங்களில் நான்கு மாதம் எடுத்துக்கொள்ளும். அதுவரை உங்களை வேலையில் அமர்த்தினால் கிளினிக்குக்கு வருமானம் வராது என்பதால், தொடங்கும் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். என் மாணவி ஒருவர் ஐந்து மாதம் சம்பளம் இல்லாமல் இருந்தார். வேலை தொடங்கும் தேதி எழுத்தில் வந்த பிறகு விலகல் கடிதம் கொடுங்கள். டி.இ.ஏ. கட்டணத்தை யார் கட்டுவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

எஃப்.என்.பி. படித்துவிட்டு ஐ.சி.யு.வைத் தேடுவது

எல்லா வயதினரையும் பார்க்கலாம் என்பதால் எல்லா இடத்திலும் பார்க்கலாம் என்று பொருள் கொள்வது பெரும் பிழை. 2008இல் வகுக்கப்பட்ட உயர்நிலைச் செவிலியர் ஒழுங்குமுறை மாதிரியின்படி, உங்கள் படிப்பும் சான்றிதழும் எந்தப் பிரிவுக்கு உரியவையோ அந்தப் பிரிவுதான் உங்கள் எல்லை. எஃப்.என்.பி. என்பது முதல்நிலைச் சிகிச்சைக்கான பயிற்சி. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை நிர்வகிக்க, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான தனிப் படிப்பு உண்டு. மனநலத்துக்கும் தனிப் படிப்பு உண்டு. மருத்துவமனை உங்களை நியமித்துவிட்டது என்பதற்காக, ஏதேனும் தவறு நேர்ந்தால் மாநில நர்சிங் வாரியம் உங்களை விட்டுவிடாது. பத்து ஆண்டுகள் ஐ.சி.யு.வில் ஆர்.என். ஆக இருந்த அனுபவம் மிகப் பெரியது. ஆனால் அது என்.பி. உரிமத்தின் எல்லையை நீட்டாது. ஐ.சி.யு.தான் உங்கள் மனத்துக்குப் பிடித்த இடம் என்றால், சேர்வதற்கு முன்பே அதற்குரிய படிப்பைத் தேர்ந்தெடுங்கள். முடித்துவிட்டீர்கள் என்றால், முதுநிலைக்குப் பிந்தைய சான்றிதழ்ப் படிப்பு ஒன்று கூடுதலாகத் தேவைப்படும்.

மாநில எல்லையை மறப்பது

டெக்சாஸின் எல் பாசோவிலிருந்து நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸுக்குக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. லாஸ் குரூசஸில் எஃப்.என்.பி. சொந்தமாகக் கிளினிக் நடத்தி, தன் கையெழுத்தில் மருந்து எழுதலாம். எல் பாசோவில் அதே தகுதியும் அதே சான்றிதழும் உடையவர், ஒரு மருத்துவருடன் மருந்து எழுதும் அதிகார ஒப்பந்தம் செய்துகொண்டால்தான் எழுத முடியும். கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட 'இரண்டாம் அட்டவணை' மருந்துகளைக் கிளினிக்கில் எழுதவே முடியாது. கவனக்குறைபாட்டுக்குத் தரும் ஊக்க மருந்துகள் அந்த அட்டவணையில் அடங்கும். அந்த மருத்துவர் ஒருநாள் விலகினால் உங்கள் மருந்துச்சீட்டும் அன்றே நின்றுபோகும். மாற்று மருத்துவர் யார், அவருக்கான மாதக் கட்டணத்தை யார் தருவது என்பவற்றை முன்கூட்டியே கேளுங்கள்.

1099இல் வரும் சம்பளத்தை முழுச் சம்பளமாக எண்ணுவது

1099 என்பது, ஊழியராக அல்லாமல் ஒப்பந்தக்காரராகப் பெறும் ஊதியத்துக்கான வரிப் படிவம். அதில் சுயதொழில் வரி 15.3 சதவீதம். விடுப்பு இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை. கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

ஃபெல்லோஷிப்பைச் சம்பளத்துக்காகத் தள்ளிவிடுவது

2007இல் கனெக்டிகட்டில் ஒரு சமூக நல மருத்துவ மையம், புதிய நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு ஃபெல்லோஷிப் என்றும் சொல்லப்படும் ஓராண்டு ரெசிடென்ஸி பயிற்சியைத் தொடங்கியது. இன்று பல மாநிலங்களில் இத்தகைய இடங்கள் உள்ளன. சம்பளம் குறைவு. ஆனால் நான்காம் நாள் 18 நோயாளிகளை உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தமாட்டார்கள். எனக்கு அப்போது தெரிந்திருந்தால் போயிருப்பேன்.

கடன் உதவித் திட்டங்களின் தகுதியைப் பார்க்காமல் திட்டமிடுவது

மருத்துவ வசதி குறைந்த பகுதிகளில் பணியாற்றுவோரின் கல்விக் கடனை அடைக்கும் தேசிய சுகாதாரச் சேவைப் படைக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு போதாது. நர்ஸ் கார்ப்ஸ் திட்டத்துக்குக் கிரீன் கார்டு உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். 2 ஆண்டுப் பணிக்கு, பாக்கியுள்ள கடனில் 60 சதவீதத்தை அது அடைக்கும். கிரீன் கார்டே இன்னும் வராதவர்கள், எந்த வேலைக்காக மனு தாக்கலானதோ அதிலிருந்து என்.பி. பணிக்கு மாறுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஓர் அடியும் எடுத்துவைக்காதீர்கள்.

ஊருக்குத் திரும்பினால் இதே வேலையைச் செய்யலாம் என்று நம்புவது

முடியாது. மருந்து எழுதும் குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பதவி தமிழ்நாட்டில் இல்லை.

யார் பெயரில் பில் போகிறது என்று கேட்காமல் இருப்பது

உங்கள் பெயரில் பில் போனால், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், மருத்துவருக்குத் தரும் கட்டணத்தில் 85 சதவீதம் தரும். சில நிபந்தனைகள் நிறைவேறினால் அதே பணியை மருத்துவர் பெயரில் அனுப்பி முழுத் தொகையும் பெறலாம் என்பதால், பல கிளினிக்குகள் அப்படியே செய்கின்றன. நிபந்தனைகளில் ஒன்று, மருத்துவர் ஏற்கெனவே பார்த்துச் சிகிச்சையைத் தொடங்கிவைத்த நோயாளியாக இருக்க வேண்டும் என்பது. புதிய நோயாளியை நீங்கள் பார்த்துவிட்டு அவர் பெயரில் அனுப்பினால் அது விதிமீறல், அதில் உங்கள் பெயரும் மாட்டும். முறைப்படியே நடந்தாலும் இன்னொரு இழப்பு உண்டு. ஈட்டிய தொகையெல்லாம் அவர் கணக்கில் சேர்ந்திருக்கும்; இரண்டு ஆண்டுகள் கழித்துச் சம்பள உயர்வு கேட்கும்போது, நீங்கள் கொண்டுவந்த வருமானம் என்று காட்ட உங்களிடம் ஒரு தாளும் இருக்காது. எத்தனை பேரைப் பார்த்தீர்கள், எந்தக் குறியீட்டில், யார் பெயரில் பில் போனது என்ற மாத அறிக்கையை முதல் மாதத்திலிருந்தே கேட்டு வாங்கி, நோயாளிகளின் பெயர் எதுவும் அதில் இல்லை என்று சரிபார்த்து, வீட்டில் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.